மனம் இசையும் முன்னே கை தொடங்கட்டும்



எளாவூரில் இரவு ஒருபோதும் முழுமையாக அடங்குவதில்லை. சோதனைச்சாவடியில் நின்று புறப்படும் லாரிகளின் ஓசையும், கூடூர் மார்க்கமாக வடக்கே விரையும் இரயில்களின் ஓசையும் விடியும்வரை கேட்டுக்கொண்டேயிருக்கும். சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் இந்த நெடுஞ்சாலை வழியேதான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் சரக்கும் வருகிறது. ஒடிசா, பீகார், மேற்கு வங்கம் எனப் பல மாநிலங்களிலிருந்து உழைக்கும் மக்களும் வருகிறார்கள்.

அவர்களுள் ஒருவரை ஓர் இரவு எங்களிடம் கொண்டுவந்தார்கள். பணி முடிந்து சாலையோரம் நடந்து வந்தவரை ஏதோ ஒரு வாகனம் இடித்துவிட்டுச் சென்றிருந்தது. முன்பின் அறியாத லாரி ஓட்டுநர் ஒருவர் அவரைத் தூக்கி வந்து சேர்த்திருந்தார். பதிவுப் படிவத்தை நிரப்பும்போது, "எந்த ஊர்?" என்று கேட்டோம். அவர் வலியினூடே, "மயூர்பஞ்ச்" என்றார். எங்களுக்கு அது விளங்கவில்லை. இருமுறை கேட்டும் விளங்காதபோது எங்களுள் ஒருவருக்குக் குரல் உயர்ந்தது. இறுதியில் ஊர் என்ற இடத்தில் "வடநாடு" என்று எழுதிவிட்டு அடுத்தவரை அழைத்தோம்.

சிகிச்சையில் குறை வைக்கவில்லை. எலும்பு முறிவுக்குச் செய்ய வேண்டியவற்றைச் செய்தோம். ஆயினும் மறுநாள் அந்தப் படிவத்தைப் பார்த்தபோது நெஞ்சு உறுத்தியது. ஒருவருடைய காயத்தைக் கவனித்த நாங்கள், அவர் எங்கிருந்து வந்தவர் என்று கேட்டறியும் சிறு பொறுமையை அவருக்குத் தரவில்லை. இரக்கம், அன்பு, மன்னிப்பு ஆகியவற்றைப் பற்றி இவ்விதழில் எழுதத் துணிந்ததற்கு அந்தப் படிவமே காரணம்.

சாலையோரத்தில் ஒருவர்

இயேசு கிறிஸ்து கூறிய உவமைகளுள் மருத்துவமனைக்கு மிக நெருக்கமானது நல்ல சமாரியன் கதை. லூக்கா எழுதிய நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் அது இடம்பெறுகிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் சாலையில் கள்வர்களால் தாக்கப்பட்ட ஒருவன் குற்றுயிராய்க் கிடக்கிறான். சமயப் பணியாளர் இருவர் அவனைக் கண்டும் விலகிச் செல்கின்றனர். அவனுடைய இனத்தார் வெறுத்து ஒதுக்கிய சமாரியர் குலத்தவன் ஒருவன் மட்டும் நிற்கிறான்.

அவன் செய்தவற்றைக் கவனியுங்கள். காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டுகிறான். தன் வாகன விலங்கின்மேல் ஏற்றிச் செல்கிறான். சத்திரத்தில் சேர்த்து இரவு முழுதும் பார்த்துக்கொள்கிறான். புறப்படும்போது இரண்டு வெள்ளிக்காசுகளைக் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்கிறான். முதலுதவி, வாகனம், இரவுக் கவனிப்பு, செலவுக்குப் பொறுப்பு என்று அனைத்தும் அங்கே இருக்கின்றன. கதை அவனுடைய மனம் இரங்கியதை ஒரே சொல்லில் சொல்லிவிட்டு, அவனுடைய கைகள் செய்த வேலையையே விரித்துரைக்கிறது.

அந்தச் சமாரியனின் பெயர் இன்று நம் நாட்டுச் சட்டத்திலும் ஏறியிருக்கிறது. விபத்தில் சிக்கியோருக்கு உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் கட்டாயமாக்கியது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 'நல்ல சமாரியன்' என்ற பெயரிலேயே அவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. நல்லெண்ணத்துடன் உதவியவர்மீது வழக்குத் தொடர இயலாது. தம் பெயரையும் முகவரியையும் சொல்லுமாறு அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின் கீழ், சாலை விபத்தில் காயமுற்றோர் எந்த மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரத்திற்குரிய சிகிச்சையை, திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில், வரையறுத்த அளவுவரை கட்டணமின்றிப் பெறலாம். ஆகவே, நெடுஞ்சாலையில் ஒருவர் கிடப்பதைக் கண்டால் அஞ்சி விலக வேண்டியதில்லை. 108ஐ அழையுங்கள்; வண்டி வரும்வரை அருகில் நில்லுங்கள். அந்த லாரி ஓட்டுநரும் தம் பெயரைச் சொல்லாமலேதான் சென்றார்.

தோளில் வைத்த கை

அன்பு என்பது மனத்தில் தானாக ஊற வேண்டிய ஓர் உணர்ச்சி என்று நாம் எண்ணுகிறோம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தில் பவுல் அன்பை விளக்குகிறார். மூலமான கிரேக்கத்தில் அவ்விளக்கம் பெரும்பாலும் வினைச்சொற்களாகவே அமைந்துள்ளது: பொறுத்துக்கொள்வது, நன்மை செய்வது, தீங்கைக் கணக்கு வைக்காமலிருப்பது. அன்பு எதைச் செய்கிறது, எதைச் செய்யாதிருக்கிறது என்பதே அவருடைய பட்டியல்.

கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்தவர் மருத்துவர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவை மூலம் மீண்டும் இயங்கச் செய்தார். தொழுநோயாளியின் விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை, வலி உணர்வை இழந்ததால் நேரும் காயங்களே அவற்றைச் சிதைக்கின்றன என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் அவர். ஒருநாள் இளைஞர் ஒருவரைப் பரிசோதித்துவிட்டு, அவருடைய தோளில் கை வைத்தபடி சிகிச்சையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். இளைஞர் திடீரெனத் தேம்பி அழலானார். தாம் தவறாக எதையும் சொல்லிவிட்டோமோ என்று மருத்துவர் திகைத்தார். பல ஆண்டுகளாக எவரும் தம்மைத் தொட்டதில்லை என்பதே அந்த அழுகைக்குக் காரணம் என்று அருகிலிருந்தவர் விளக்கினார். பிராண்ட் அந்த நிகழ்ச்சியைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

அவர் அன்பு காட்டத் திட்டமிட்டுக் கை வைக்கவில்லை. நோயாளியிடம் பேசும்போது தோளைத் தொடுவது அவருக்கு வழக்கமாகியிருந்தது. பழகிப்போன ஒரு செயல், ஒருவருக்குப் பல்லாண்டுத் தனிமையைத் தீர்த்தது. நற்பண்பைப் பயிற்சி என்று பெரியோர் சொல்வது இதனால்தான்.

மயூர்பஞ்சிலிருந்து ஒரு செய்தி

மயூர்பஞ்ச் எங்கே இருக்கிறது என்று பிற்பாடு தேடிப் பார்த்தோம். நம் ஊரைத் தொட்டுச் செல்லும் இதே நெடுஞ்சாலையில் ஒடிசாவின் பாலசோர் வரை சென்று, அங்கிருந்து வடக்கே திரும்பினால் மயூர்பஞ்ச் மாவட்டத்தின் தலைநகரான பாரிபதாவை அடையலாம். அந்த ஊரின் பெயரைக் கண்டதும், அங்கு வாழ்ந்த ஒரு செவிலியரின் நினைவு வந்தது.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிரஹாம் ஸ்டெயின்ஸ் 1965 முதல் இந்தியாவில் வாழ்ந்து, பாரிபதாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்ட தொழுநோய் இல்லத்தில் பணியாற்றினார். அவருடைய மனைவி கிளாடிஸ் செவிலியர். 1999 சனவரி 22ஆம் நாள் இரவு, கியோஞ்சர் மாவட்டத்து மனோகர்பூர் என்னும் சிற்றூரில் வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த கிரஹாமையும், 10 வயது பிலிப், 6 வயது திமோத்தி ஆகிய இரு மகன்களையும் ஒரு கும்பல் தீவைத்துக் கொன்றது. எஞ்சியவர்கள் கிளாடிஸும் மகள் எஸ்தரும் மட்டுமே.

கொன்றவர்களைத் தாம் மன்னித்துவிட்டதாகவும், அவர்கள்மீது தமக்குக் கசப்பில்லை என்றும் கிளாடிஸ் வெளிப்படையாகக் கூறினார். நாடே அச்சொல்லைக் கேட்டு வியந்தது. ஆனால் அதன்பின் அவர் செய்ததையே நாங்கள் பெரிதும் எண்ணிப் பார்க்கிறோம். ஊருக்குத் திரும்பிவிட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவரோ மேலும் ஐந்தாண்டுகள் பாரிபதாவிலேயே தங்கித் தொழுநோயாளிகளைப் பராமரித்தார். கணவரின் நினைவாக 2004இல் அங்கு ஒரு மருத்துவமனை திறக்கப்படக் காரணமாயிருந்தார். 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. மன்னித்தேன் என்ற சொல் ஒரு நாளில் முடிந்துவிட்டது. அதன்படி வாழ்வது ஒவ்வொரு காலையும் மீண்டும் தொடங்க வேண்டிய வேலையாக இருந்தது. எத்தனை முறை மன்னிப்பது, ஏழு முறையா என்று பேதுரு கேட்டபோது, ஏழெழுபது முறை என்று இயேசு விடை கூறியதன் பொருளும் இதுவே போலும்.

இன்னொன்றையும் கிளாடிஸ் தெளிவாக வைத்திருந்தார். மன்னிப்பு வேறு, குற்றத்திற்குச் சட்டம் தரும் விளைவு வேறு. வழக்கு தன் போக்கில் நடந்தது. குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011இல் உறுதி செய்தது. இதை எம் வாசகர்களுள் சிலருக்காகவே அழுத்திச் சொல்கிறோம். மன்னிப்பது என்பது அடியைத் தாங்கிக்கொண்டே இருப்பதாகாது. வீட்டில் வன்முறைக்கு ஆளாகும் பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கத் தயங்க வேண்டாம். உங்களைக் காத்துக்கொண்ட பின்னரும் மன்னிக்கலாம்.

படுக்கையருகே

கொலையை மன்னிப்பது நம்மில் பலருக்கு நேராது. எங்கள் வார்டுகளில் நாங்கள் காணும் காயங்கள் வேறு வகையின. "அப்போதே அழைத்து வந்திருந்தால்" என்று அண்ணன்மீது தம்பிக்கு வருத்தம். "செலவைப் பார்த்து ஒதுங்கிவிட்டாளே" என்று அக்காள்மீது மனத்தாங்கல். "சொன்ன பேச்சைக் கேட்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால்" என்று படுத்திருப்பவர்மீதே கோபம். "எல்லாருக்கும் சுமையாகிவிட்டேன்" என்று படுத்திருப்பவர்க்குத் தம்மீதே வெறுப்பு.

மன்னிப்பு நோயைக் குணப்படுத்தும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். அதற்கு மருந்தும் காலமும் வேண்டும். ஆனால் கசப்போடு காத்திருக்கும் இரவும் கசப்பின்றிக் காத்திருக்கும் இரவும் ஒன்றல்ல என்பதை அன்றாடம் காண்கிறோம். மனம் இசையட்டும், பிறகு பேசலாம் என்று காத்திராதீர்கள். பேசாமலிருக்கும் தம்பிக்கு ஒரு டம்ளர் தேநீர் வாங்கி வந்து நீட்டுங்கள். இரவு முழுதும் விழித்திருந்த அண்ணியாரிடம், "நீங்கள் சற்றுப் படுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். அடுத்த படுக்கைக்காரருக்குத் துணையாள் இல்லையென்றால் அவருடைய தண்ணீர்க் குவளையையும் சேர்த்து நிரப்புங்கள். எங்கள் பணியாளர் எவரேனும் கடுமையாகப் பேசினால் எங்களிடம் சொல்லுங்கள். திருத்திக்கொள்ளும் வாய்ப்பை எங்களுக்கும் தாருங்கள். கை தொடங்கிய வேலையில் மனம் மெல்லப் பின்தொடர்ந்து வருவதைக் காண்பீர்கள்.

அந்தத் தொழிலாளியிடம் குரலை உயர்த்தியவர், மறுநாள் காலை அவருடைய படுக்கையருகே சென்றார். மன்னிப்புக் கேட்க இந்தியிலோ ஒடியாவிலோ அவருக்குச் சொல் தெரியவில்லை. படிவத்தை எடுத்துக் காட்டி, "வடநாடு" என்பதை அடித்துவிட்டு, "மயூர்பஞ்ச்" என்று அவர் முன்னாலேயே எழுதினார். எழுதியதை ஒருமுறை உரக்கப் படித்தும் காட்டினார். அந்த மனிதர் சிரித்துவிட்டு, உச்சரிப்பைத் திருத்திக் கொடுத்தார்.

நீங்கள் அனைவரும் விரைவில் நலம்பெற்று இல்லம் திரும்ப வாழ்த்துகிறோம்.