பூஞ்சை விட்டுச்செல்லும் சர்க்கரை

நாகர்கோவில் பக்கம் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், "திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யில் காட்டுங்கள்" என்றுதான் ஊரே சொல்லும். 1981-இல் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம் அது. அங்கே மட்டுமல்ல, ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ கொடுக்கும் எந்த மருத்துவமனையிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு, "கவுண்ட் இறங்கிவிட்டது" என்பது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே போய், நாலைந்து நாள் ஆன்டிபயாடிக் ஏற்றியும் காய்ச்சல் விடாவிட்டால், டாக்டரின் சந்தேகம் பூஞ்சைமேல் திரும்பும்.

ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகளை நாம் எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம். நம் வெள்ளை அணுக்கள் அவற்றைத் தீர்த்துவிடுகின்றன. கவுண்ட் இல்லாதவருக்கு அது நுரையீரலில் வேர்விடும். ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினாலோ, ஆஸ்பர்ஜில்லஸ் அதில் வளர்வதே அபூர்வம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறைந்திருப்பதால் நுரையீரலில் ஊசி போட்டுச் சதை எடுக்கவும் தயங்குவார்கள்.

ஆகவே பூஞ்சையை விட்டுவிட்டு, அது வளரும்போது உதிர்க்கும் செல்சுவர்ச் சர்க்கரையைத் தேடுகிறார்கள். கேலக்டோமேனன் பரிசோதனை இதுதான். ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து, சூடாக்கி, எதிர்ப்புரதம் பூசிய சின்னக் குழிகளில் விடுவார்கள். சர்க்கரை இருந்தால் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் மஞ்சள் நிறம் வரும். அதன் அடர்த்தியைக் கருவி அளந்து ஒரு குறியீட்டெண் தரும். 0.5 தொட்டாலே பாசிட்டிவ் என்பது பழைய கணக்கு. 2020-இல் வெளியான ஆய்வாளர் வரையறை, ஒரே ரத்த மாதிரியை வைத்துச் சொல்வதானால் 1.0 வேண்டும் என்கிறது.

இன்னொன்று பீட்டா-டி-குளுக்கான் பரிசோதனை. கேண்டிடா உட்படப் பல பூஞ்சைகளை இது காட்டும். இதற்கான மூலப்பொருள் வருவது குதிரைலாட நண்டின் நீல ரத்தத்திலிருந்து! பூஞ்சைச் சர்க்கரை பட்டதும் அந்த ரத்தம் உறைய ஆரம்பிக்கும்.

என் கணக்கில் இரண்டுமே நல்ல துப்பு, தீர்ப்பு அல்ல. இம்யூனோகுளோபுலின், அல்புமின் ஏற்றியிருந்தாலே குளுக்கான் பொய்யாக ஏறலாம். பூஞ்சைத் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவருக்குக் கேலக்டோமேனன் பொய்யாக இறங்கலாம். 2021-இல் நாட்டையே அலறவைத்த கறுப்புப் பூஞ்சையோ, இரண்டிலும் சிக்காது. அதனால்தான் டாக்டர் நெஞ்சு சி.டி. ஸ்கேனையும் சேர்த்துப் பார்க்கிறார்.

வீட்டில் கீமோ எடுப்பவர் இருந்தால், காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டதும் பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருக்காதீர்கள்; உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.