ஆளான பெண்ணுக்கு உரியவை

முகப்பிலிருந்து கொல்லைப்புறம் வரை கட்டுக் கட்டாக நீளும் செட்டிநாட்டு வீடுகளில், கணக்கு வழக்கும் ஆண்களின் பேச்சும் முன்கட்டோடு நின்றுவிட, சமையலும் சேமிப்பும் பெண்களின் நடமாட்டமும் பின்கட்டுகளுக்கு உரியவையாக வகுக்கப்பட்டிருந்தன. வீட்டுச் சிறுமி ஒருத்தி ‘ஆளாகிவிட்டாள்’ என்ற சேதி பரவியதும், அந்தக் கடைசிக் கட்டின் ஓரத்தில் அவளுக்கென்று கோரைப்பாய் விரிக்கப்படும். வாசலுக்குக் குறுக்கே உலக்கை கிடத்தப்படும். காத்து கருப்பு அண்டாமலிருக்க வேப்பிலைக் கொத்தும் ஓர் இரும்புத் துண்டும் பக்கத்தில் வைக்கப்படும். தட்டும் டம்ளரும் தனியாகிவிடும். கட்டுகள் நிறைந்த வீடு வாய்க்காத குடும்பங்களில், இதே ஏற்பாடு, தாய்மாமன் கொண்டுவந்த பச்சைத் தென்னங்கீற்றால் வேய்ந்த குச்சாக வெளியே எழும். இன்று காரைக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் உலக்கை அபூர்வமாகி, மண்டபமும் சீர்வரிசை ஊர்வலமும் ப்ளெக்ஸ் பேனரும் அதன் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனால், அலங்காரம் செய்து மணையில் உட்கார்த்தப்பட்ட அந்தப் பெண்ணிடம், இது வருமென்று முன்கூட்டி யாராவது உனக்குச் சொல்லியிருந்தார்களா என்று கேட்டால், கிடைக்கிற பதில் பெரும்பாலும் அவளுடைய பாட்டி சொல்லியிருக்கக்கூடிய பதிலாகவே இருக்கிறது.

எங்கோ அடிபட்டுவிட்டது என்று எண்ணியவள், வெளியே சொல்லக்கூடாத வியாதி வந்துவிட்டதென்று அழுதவள், தான் ஏதோ தப்புப் பண்ணியதற்கு இது தண்டனையென்று அஞ்சிப் பாவாடையைச் சுருட்டி ஒளித்துவைத்தவள் என்று, ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருத்தியாவது இருப்பாள். வீட்டார் அடைகிற பூரிப்புக்கும் அவள் அடைகிற பீதிக்கும் இடையே உள்ள தூரத்தை ஒரே ஒரு மாலைப்பொழுதின் சம்பாஷணை குறைத்துவிடும். கருப்பையின் உட்சுவர் மாதந்தோறும் தடித்து, கரு தங்காத மாதத்தில் உதிர்ந்து, உதிரத்தோடு வெளியேறுகிறது என்பதும், இது பத்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பதும், தொடங்கிய முதல் இரண்டாண்டுகள் நாள் தவறி வருவது இயல்பே என்பதும் அவ்வளவு கடினமான சாஸ்திரமல்ல. ஆகவே, ஒன்பது பத்துப் பிராயத்திலேயே இதைத் தாய் சொல்லலாம். தாய்க்குக் கூச்சமாயின் அத்தையோ ஆச்சியோ சொல்லலாம். அம்மா இல்லாத வீட்டில் அப்பாவே சொல்லலாம், அதில் ஆண்மைக்குக் குறைவு ஒன்றும் வந்துவிடாது.

செட்டிநாட்டை ஒட்டியுள்ள புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, பருவமடைந்த காரணத்துக்காகப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர்; வீட்டிலேயே பாடம் தொடர்ந்ததனாலும், பின்னர் புதுக்கோட்டை மன்னர் கல்லூரி இடம் கொடுத்ததனாலும் அல்லவா அவர் சென்னை மருத்துவக் கல்லூரி வரை சென்று, 1912-ல் வைத்தியப் பட்டத்தோடு வெளிவந்து, பின்னாளில் சட்டமன்றத்தில் அமர்ந்து பெண்ணின் மணவயதை உயர்த்த வாதாட முடிந்தது! 1929-ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணுக்குக் குறைந்தபட்ச மணவயது 14 என்று நிர்ணயித்தபோது, அது ஆசாரத்தை அழிக்கும் என்று கூக்குரலிட்டவர்கள் இருந்தார்கள். அதே தலைமுறையில் காரைக்குடியிலிருந்து மரகதவல்லியின் ஆசிரியப் பொறுப்பில் ‘மாதர் மறுமணம்’ என்னும் பத்திரிகை துணிந்து வெளிவந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. பெண்ணின் வாழ்வைப் பற்றி அச்சில் பகிரங்கமாகப் பேசிய ஊர், பெண்ணின் சரீரத்தைப் பற்றி வீட்டுக்குள் பேசத் தயங்குவது எனக்கு விளங்காத புதிராகவே இருக்கிறது.

தனித்து வைப்பதில் உள்ள அபாயம் கற்பனையன்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, தஞ்சை மாவட்டம் பட்டுக்கோட்டையை அடுத்த அணைக்காட்டில், பூப்பெய்தியதனால் வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி, குடிசைமேல் தென்னைமரம் சாய்ந்து மாண்டுபோனாள். பெற்றோர் அவள்மேல் அன்பில்லாதவர்களா? அப்படிச் சொல்ல எவருக்கும் நாவெழாது. ஊர் வழக்கம் என்று பெயர் பெற்றுவிட்ட ஒன்றை, புயல் எச்சரிக்கை வந்த இரவிலும் மீற மனம் துணியவில்லை என்பதே நேர்ந்தது. மதுரை மாவட்டத்துக் கூவலபுரம் முதலிய சில ஊர்களில், விலக்கான பெண்கள் தங்குவதற்கென்றே ‘முட்டுத்துறை’ என்ற பொதுக் கட்டடம் இருக்கிறது. நேபாளம் இத்தகைய ஒதுக்கலை 2017-ல் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. நம் நாட்டில் இதற்கென்று தனிச்சட்டம் இல்லாவிட்டாலும், தீண்டாமையை எந்த உருவிலும் தடைசெய்யும் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு மாதவிலக்கைக் காரணம் காட்டி விலக்குவதையும் தழுவும் என்று, 2018 சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் தம் தனி அபிப்பிராயத்தில் எழுதினார். தம் பொறுப்பிலுள்ள குழந்தையை வேண்டுமென்றே புறக்கணித்து வீணான துன்பத்துக்கு ஆளாக்குவதை, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்து 75-ஆம் பிரிவு குற்றமென்கிறது. சடங்கு வேண்டுமென்பவர்கள் செய்துகொள்ளட்டும். அந்தப் பெண்ணுக்குச் சம்மதமிருந்தால் அது அவளுக்கு ஒரு கொண்டாட்டமாகவும் இருக்கலாம். ஆனால் அவள் உறங்குவது வீட்டுக்குள்ளே, கூரைக்குக் கீழே, கழிப்பறைக்கு அருகே இருக்க வேண்டும்.

பழைய வழக்கங்கள் யாவும் பழிக்கத்தக்கவையல்ல. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிய உளுந்தங்களியைப் போல் அந்த வயதுக்கு உகந்த ஆகாரம் சிலவே. அதனோடு கொடுக்கும் முட்டையை மட்டும் பச்சையாகக் கொடுக்காமல் வேகவைத்துக் கொடுப்பது உத்தமம். விருந்து ஒரு வாரத்தோடு முடிந்துவிடுவதுதான் குறை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கையில், பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வயிற்றைப் புரட்டுகிறது என்று குழந்தைகள் ஜன்னல் வழியே எறிந்துவிடுவது பெரும் நஷ்டம். சாப்பிட்ட பிறகு விழுங்கினால் புரட்டல் குறையும். உடனே தேநீர் குடிக்கலாகாது. எட்டு வயது நிறையுமுன் பருவ அறிகுறிகள் தோன்றினாலும், பதினைந்து கடந்தும் பூப்பெய்தாவிட்டாலும், ஏழு நாளுக்கு மேல் உதிரம் நீடித்தாலும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலும் வைத்தியரிடம் காட்டியே தீரவேண்டும். உதிரம் வெளிப்படாமல் மாதாமாதம் வயிற்றுவலி மட்டும் வந்து அடிவயிறு வீங்கும் பெண்ணுக்கு, கன்னிச்சவ்வு அடைபட்டிருக்கக்கூடும். சிறிய அறுவைச் சிகிச்சையில் தீரும் அந்த உபாதைக்கு மந்திரிப்பதும் கயிறு கட்டுவதும் காலவிரயமே.

நாப்கின் விஷயத்தில் தமிழ்நாடு முன்னோடி என்பதில் ஐயமில்லை. 2011-ல் அறிவிக்கப்பட்ட ‘புதுயுகம்’ திட்டம், கிராமப்புறத்தில் தொடங்கிப் பின்னர் நகரத்துக்கும் பரவி, 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், ஆண்டுக்குப் பதினெட்டு என்று இலவசமாக வழங்குகிறது. பள்ளிக்குப் போகாதவர்கள் அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெறலாம். கணக்கிட்டுப் பார்த்தால், பாக்கெட்டுக்கு ஆறு வீதம் மாதத்துக்கு ஒன்பதுதான் வருகிறது. நாலைந்து மணிக்கொருமுறை மாற்றவேண்டும் என்று வைத்தியர் சொல்லும்போது, ஐந்து நாளுக்கு இருபதுக்குக் குறையாமல் வேண்டும். ஒன்பதை இருபதாக நீட்டிக்கொள்ளும் சிறுமி, ஒன்றையே காலை முதல் மாலை வரை வைத்துக்கொண்டு புண்ணோடும் அரிப்போடும் வீடு திரும்புகிறாள். பழந்துணியே கதி என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: துணியில் தோஷமில்லை, யார் கண்ணிலும் படக்கூடாதென்று புடவைக்கு அடியில் ஈரமாய் உலர்த்துவதில்தான் தோஷம். சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவையுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துத் தனியார் பள்ளியொன்றில், மாதவிலக்கான எட்டாம் வகுப்பு மாணவி வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் தனியே உட்காரவைக்கப்பட்டுப் பரீட்சை எழுதினாள். தாயார் எடுத்த வீடியோவால் விஷயம் வெளியாகி, தலைமையாசிரியை பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்து 17-ஆம் பிரிவு, குழந்தையை அடிப்பதை மட்டுமல்ல, மனத்தை நோகச்செய்வதையும் தடுக்கிறது. அச்சட்டத்தின் அட்டவணை பெண்களுக்குத் தனிக் கழிப்பறையைக் கட்டாயமாக்குகிறது. தாழ்ப்பாளும் தண்ணீரும் இல்லாத கழிப்பறை கணக்குக்கு மட்டுமே கழிப்பறை. குறையிருந்தால் தலைமையாசிரியரிடமும், பலனில்லையேல் முதன்மைக் கல்வி அலுவலரிடமும் எழுத்துமூலம் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய தொலைபேசி எண்களும் இருக்கின்றன.

சடங்கு மண்டபத்திலேயே ‘முறைப் பையன்’ பேச்சு எழுவது நமக்குப் புதிதல்ல. வேடிக்கையாகத் தொடங்கி நிச்சயத்தில் முடிவதும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்ணை மணம்செய்து வைப்போருக்கு இரண்டாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பத்திரிகை அச்சிட்டாகிவிட்டது என்பதெல்லாம் சட்டத்தின்முன் செல்லாது. அந்தந்த மாவட்ட சமூக நல அலுவலருக்கோ 1098-க்கோ முன்கூட்டித் தெரிவித்தால் நிறுத்தலாம். நடந்தேவிட்டாலும், அந்தப் பெண் இருபது வயது நிறைவதற்குள் நீதிமன்றத்தில் மனுச்செய்து அதை ரத்துச் செய்துகொள்ளலாம்.

தாய்மாமன்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். சீர்த்தட்டு நூறா இருநூறா என்று எண்ணுமுன், அதில் ஒரு தட்டின் செலவை, மருமகளுக்கு ஓராண்டுக்குக் குறைபடும் நாப்கினுக்கென்று ஒதுக்குங்கள். மண்டபத்துக்குத் தேதி குறிக்குமுன், அவள் எந்தத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திரும்புகிறாள் என்ற தேதியைக் குறியுங்கள்.