பணத்தின் தடம் – 17: அட்டவணையில் ஒரு வரி

சென்ற வாரம் மியூச்சுவல் ஃபண்டின் செலவு விகிதத்தைப் பார்த்தோம். அமெரிக்காவில் கட்டண அட்டவணையில் அந்த எண்ணோடு சேர்ந்த ஒரு வரி, சிறு தொழில்களுக்குப் போகும் பணத்துக்கே குறுக்கே நிற்கிறது.

1980-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பி.டி.சி. (பிசினஸ் டெவலப்மென்ட் கம்பெனி) என்ற புதுவகை நிறுவனத்துக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தது. வங்கி தயங்குகிற, பங்குச் சந்தைக்கு வருமளவு வளராத தொழில்களுக்குக் கடனும் முதலும் தருவது அதன் வேலை. தெருமுனைக் கடைக்கு இந்தப் பணம் போகாது. நூறு, இருநூறு பேருக்கு வேலை தரும் பட்டறைகளுக்குப் போகும். பல பி.டி.சி.க்களின் பங்குகளைச் சந்தையில் யாரும் வாங்கலாம்.

2006-இல் எஸ்.இ.சி. (நம் செபி போன்றது) ஒரு விதி போட்டது. ஒரு ஃபண்ட் இன்னொரு ஃபண்டை வாங்கினால், உள்ளே இருப்பதன் செலவையும் தன் கட்டண அட்டவணையில் சேர்த்துக் காட்ட வேண்டும். அடுக்கடுக்காகக் கட்டணம் ஒளிந்திருக்கக் கூடாது என்ற அக்கறை அது. நியாயமான அக்கறை.

ஆனால் பி.டி.சி.யும் ஒரு ஃபண்டாகவே கருதப்பட்டு அந்த வலையில் சிக்கியது. அதன் செலவில் பெரும்பகுதி, தான் வாங்கிய கடனுக்குக் கட்டும் வட்டியும் நிர்வாகக் கட்டணமும். வங்கிப் பங்கை வாங்கும் ஃபண்ட், அந்த வங்கி டெபாசிட்டுக்குத் தரும் வட்டியைத் தன் செலவாக எழுதுவதில்லையே! கணக்கைப் பாருங்கள். 0.20 சதவீதச் செலவில் நடக்கும் ஒரு ஃபண்ட், தன் பணத்தில் 2 சதவீதத்தை மட்டும், 10 சதவீதச் செலவுள்ள பி.டி.சி.யில் போடுகிறது. அட்டவணையில் 0.20 என்பது 0.40 ஆகிவிடும். முதலீட்டாளரின் பையிலிருந்து கூடுதலாக ஒரு காசும் போகவில்லை. அந்தச் செலவு பி.டி.சி.யின் லாபத்திலேயே கழிந்து, பங்கு விலையிலும் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஃபண்டின் செலவு இரண்டு மடங்கானதாகத் தோன்றும்.

செலவு குறைவு என்பதையே விளம்பரமாக வைத்திருக்கும் குறியீட்டு ஃபண்டுகள் இதைத் தாங்குமா? 2014-இல் குறியீடுகளைத் தயாரிக்கும் எஸ் அண்டு பி, ரஸ்ஸல் இரண்டுமே தங்கள் குறியீடுகளிலிருந்து பி.டி.சி.க்களை நீக்கின. அந்தக் குறியீடுகளைப் பின்பற்றும் பெரும்பணம் விலகிக்கொண்டது.

இதில் பட்டறைக்காரருக்கு என்ன? பங்கின் விலை அதன் சொத்து மதிப்புக்குக் கீழே இறங்கினால், பங்குதாரர் ஒப்புதல் இல்லாமல் பி.டி.சி. பொதுவாகப் புதுப் பங்கு வெளியிட முடியாது. வாங்க ஆள் குறைந்தால் விலை இறங்கும். விலை இறங்கினால் புதிய முதல் வராது. முதல் வராவிட்டால் புதிதாகக் கடன் கொடுப்பதும் சுருங்கும்.

பி.டி.சி.க்களின் நிர்வாகக் கட்டணம் அதிகம் என்பதையும் மறைக்கக் கூடாது. அதை வாசகர் கண்ணில் படும்படி, கூட்டுத்தொகையில் சேர்க்காமல் தனியாக அச்சிட வேண்டும் என்பதே என் கட்சி. 2020-இல் எஸ்.இ.சி.யே கிட்டத்தட்ட அப்படி ஒரு வரைவு வைத்தது: இத்தகைய முதலீடு 10 சதவீதத்துக்கு மேல் போகாத ஃபண்டுகள் அந்தச் செலவை அடிக்குறிப்பில் காட்டலாம் என்று. 2022 அக்டோபரில் இறுதி விதிகள் வந்தபோது அந்தப் பகுதி அவற்றில் இல்லை.