எரிக்கவா, புதைக்கவா?

சென்ற மாதம் வானொலியில் பசுமை எரிசக்தி பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். “தாவரக் கழிவைக் கரியாக்கினால் எரிபொருளும் கிடைக்கும், காற்றில் கார்பனும் குறையும்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற நேயர் ஒருவர் அழைத்தார். “ஏன் தம்பி, ஒரே கரியை எரிக்கவும் செய்து, புதைக்கவும் முடியுமா?” பதில் தெரியவில்லை. பாட்டைப் போட்டுத் தப்பித்தேன்.

அந்தக் கேள்விதான் என்னைப் பேராக்கின் கோலா செப்பெத்தாங்குக்கு இழுத்துச் சென்றது. மற்றவர்கள் அங்கே மின்மினி பார்க்கப் போவார்கள். நான் கரிச்சூளை பார்க்கப் போனேன். குவிமாடம் போன்ற செங்கல் சூளைகள். உள்ளே பக்காவ் மரக்கட்டைகளை நெட்டுக்குத்தாக அடுக்கி, வாசலில் மட்டும் தீ மூட்டுகிறார்கள். காற்று போதாததால் கட்டை எரிவதில்லை, வேகிறது. பதம் வந்ததா என்பதைத் தொழிலாளர்கள் புகையை முகர்ந்தே சொல்லிவிடுகிறார்கள். பிறகு சூளையை அடைத்து ஆறவிட வேண்டும். எல்லாம் முடிய ஏறக்குறைய ஒரு மாதம். சுமார் 40 டன் மரம் உள்ளே போனால் 10 டன் கரி வெளியே வருகிறது.

மரம் வருவது மாத்தாங் சதுப்புநிலக் காட்டிலிருந்து. சுமார் 40,000 ஹெக்டர். 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டி, மீண்டும் வளர்க்கிறார்கள். அதனால் இதைப் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மரம் ஆண்டுக்கணக்கில் காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்த கார்பன், சாத்தே அடுப்பில் ஒரே மாலையில் காற்றுக்கே திரும்பிவிடும். அதே கரி மண்ணுக்குள் போனால் நூற்றாண்டுகள் தாங்கும். அமேசான் காட்டுப் பழங்குடியினர் ஐரோப்பியர் வருவதற்கு வெகு முன்பே உருவாக்கிய கரி கலந்த கறுப்பு மண், இன்றும் வளமாக இருக்கிறது.

ஆக, ஐயா கேட்டது சரி. ஒரே கட்டி இரண்டு வேலையும் செய்யாது.

ஆனால் வேகும்போது வெளியேறும் வாயு இருக்கிறதே! பழைய சூளையில் மீத்தேன் உள்பட எல்லாம் புகையோடு போய்விடுகிறது. நவீனக் கலன்களில் அதைப் பிடித்து எரித்து வெப்பம் எடுக்கலாம். கரியை மண்ணுக்கு விடலாம். அதற்குக் காட்டை வெட்டவும் வேண்டாம். ஆலைக்கு வரும் ஒரு டன் செம்பனைக் குலையில் 200 கிலோவுக்கு மேல் வெற்றுக்குலையாகவே மிஞ்சுகிறது. ஈரம் அதிகம் என்பதால் உலர்த்தும் செலவு உண்டு. எரிக்க விற்றால் கையில் காசு, புதைத்தால் யார் தருவார்? கார்பன் வரவுச் சந்தை தரும் என்கிறார்கள். எண்ணெய் விலையைப் பார்த்தே வாழ்ந்த நம் தோட்டத்து மக்கள் அதை எளிதில் நம்புவார்களா என்ன!

அடுத்த வாரம் நிகழ்ச்சியில் இதையெல்லாம் சொன்னேன். ஐயா மீண்டும் அழைத்தார். “அப்போ கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போடலாமா?”

போடலாம். சாம்பலை அல்ல, கரியை. நொறுக்கி, மக்கிய உரத்தோடு இரண்டு வாரம் ஊறவிட்டுக் கலக்குங்கள். வெறும் கரியைக் கொட்டினால் மண்ணில் உள்ள சத்தை அதுவே முதலில் பிடித்துவைத்துக்கொள்ளும். பசை சேர்த்து அச்சில் வார்த்த கரி வேண்டாம்.