துணித்துண்டுகளில் ஒரு வீரரின் முகம்: சிகிச்சைக் காலத்துக்கு ஏற்ற கைவேலை

காத்திருப்பது காவிரிப் படுகை மக்களுக்குப் புதிதன்று. நாற்றங்கால் முதல் அறுவடை வரை நாம் காத்திருந்தே பழகியவர்கள். ஆனால் வயலில் காத்திருப்பவருக்குக் களையெடுப்பும் நீர்ப்பாய்ச்சலும் உண்டு. மருத்துவமனைப் படுக்கையருகே காத்திருப்பவரின் கைகளோ வெறுமையாக இருக்கின்றன. அந்தக் கைகளுக்குரிய ஒரு வேலையை இவ்விதழில் விளக்குகிறோம். விருப்பமான விளையாட்டு வீரரின் உருவத்தைத் துணித்துண்டுகளால் அமைத்துத் தைப்பதே அது.

நமக்குத் தெரிந்த கலைதான்

கோயில் தேர்களில் உருளை வடிவில் தொங்கும் தொம்பைகளை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். யாளி, மயில், தாமரை முதலிய உருவங்களை வண்ணத்துணியில் வெட்டி, அடித்துணியின் மேல் வைத்துத் தைப்பது தஞ்சைப் பகுதியின் பழைய கைத்தொழில். அதே முறையில் மனித முகத்தையும் அமைக்கலாம். அமெரிக்கக் கலைஞர் பிசா பட்லர் துணியில் தைக்கும் உருவப்படங்களுக்காக உலகப் புகழ் பெற்றவர். நோயுற்றிருந்த தம் பாட்டிக்காகத் தாத்தா பாட்டியின் உருவத்தைத் தைத்ததிலிருந்தே அவருடைய இந்தப் பயணம் தொடங்கியது.

யாரைத் தைப்பது?

உங்கள் மனத்துக்கு உகந்த எவரையும் தைக்கலாம். எடுத்துக்காட்டாக, சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவைக் கொள்வோம். ஐந்து வயதில் பேருந்து விபத்தில் அவருடைய வலக்கால் நசுங்கியது. 2016இல் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளியும், 2024இல் பாரிஸில் வெண்கலமும் பெற்றார். அவருடைய முழு உருவத்தைத் தைப்பவர்கள் அந்தக் காலை மறைக்க வேண்டா. உடலின் ஒரு பகுதியை நோய்க்கோ விபத்துக்கோ கொடுத்தவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். மறைக்காத படமே அவர்களோடு பேசும்.

செய்முறை

1. வெளிச்சமும் நிழலும் தெளிவாகத் தெரியும் புகைப்படம் ஒன்றைத் தேர்ந்து, ஏறத்தாழ 45 × 60 செ.மீ. அளவில் கறுப்பு வெள்ளையில் அச்சிடுங்கள்.

2. படத்தை மிக வெளிர், வெளிர், நடுத்தரம், கருமை என நான்கு பகுதிகளாகப் பென்சிலால் பிரித்து எண்ணிடுங்கள். முகம் அமைவது நிறத்தால் அன்று, ஒளிநிழல் வேறுபாட்டால்தான். ஆகவே முகத்தை வெளுப்பாகக் காட்ட முயல வேண்டா. ஆழ்ந்த பழுப்பும் ஊதாவும் நிழலை நன்றாகக் காட்டும்.

3. வீட்டிலுள்ள பழைய பருத்திப் புடவை, சட்டை, வேட்டி ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து, வெயிலில் நன்கு உலர்த்தி, எண்ணுக்கு ஏற்ற துணியை ஒதுக்குங்கள்.

4. ஒவ்வொரு பகுதியையும் அரை செ.மீ. கூடுதலாக வெட்டி, ஓரத்தை மடித்து, வெளிர்த் துணியிலிருந்து கருந்துணி வரை அடுக்கித் தையுங்கள். கண்ணையும் புருவத்தையும் இறுதியில் வையுங்கள்.

5. முகம் முடிந்ததும் அதன் கீழே பழைய துண்டு ஒன்றை உள்ளடைப்பாகவும், அதன் கீழே மற்றொரு துணியைப் பின்புறமாகவும் விரித்து, மூன்றையும் சேர்த்து நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஓட்டுத்தையல் போடுங்கள். ஓரத்துக்கு நாடா வைத்துத் தைத்தால் வேலை நிறைவுறும்.

கவனிக்க வேண்டியவை

• இரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களும் ஊசி பிடிக்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். துணி தேர்வதும் அடுக்குவதும் நோயாளர் செய்யலாம். தைப்பதை உடனிருப்பவர் செய்யலாம்.

• புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது ஊசி குத்தினால், உடனே சோப்பு நீரில் கழுவிச் செவிலியரிடம் தெரிவியுங்கள்.

• நீரிழிவால் விரல் மரத்துப்போனவர்கள் விரல்நுனிக் கவசம் அணியுங்கள். வேலை முடிந்ததும் விரல்களைக் கண்ணால் பாருங்கள். குத்தியது உணர்வுக்குத் தெரியாமற்போகலாம்.

• டயாலிசிஸ் நடக்கும்போது குழாய் பொருத்திய கை அசையக் கூடாது. அந்நேரத்தில் தையல் வேண்டா.

• ஆஸ்துமா உள்ளவர்கள் துணி வெட்டும் வேலையைப் பிறரிடம் விடுங்கள். கண் அறுவைக்குப் பின் மருத்துவர் அனுமதிக்கும்வரை பொறுத்திருங்கள்.

• பக்கவாதத்துக்குப் பின் கைப்பயிற்சி பெறுவோர், இவ்வேலையில் எந்த அசைவு தமக்குப் பயன்படும் என்று சிகிச்சையாளரிடம் கேட்டறியுங்கள்.

• தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஊசிகளை எண்ணுங்கள். ஓர் ஊசிகூடப் படுக்கையில் தங்கக் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கழுத்துக்கும் கண்ணுக்கும் ஓய்வு கொடுங்கள்.

இறுதியாக

இக்கைவேலை நோயைக் குணப்படுத்தும் என்று நாங்கள் சொல்லவில்லை. மருந்துக்கு மாற்றும் அன்று. ஆனால் "இன்று என்ன செய்தீர்கள்?" என்று யாரேனும் கேட்டால், பரிசோதனை முடிவுகளைத் தவிர வேறொரு விடையும் உங்களிடம் இருக்கும்: "இன்று நெற்றியை முடித்தேன்." உடல் தளரும் நாளில் ஒரு துண்டு போதும். ஒன்றும் இயலாத நாளில் துணியை மடித்து வையுங்கள், அது காத்திருக்கும். நோயாளர் தொடங்கியதை உடனிருப்பவர் தொடரலாம். இருவர் தையலும் ஒரே முகத்தில் வேறுவேறாகத் தெரியும். அதைப் பிரித்து மீண்டும் தைக்க வேண்டா. அந்த நாள்களை யார் யார் சேர்ந்து கடந்தீர்கள் என்பதற்கு அதுவே சான்று.