அண்டாவைத் திறக்க மறுத்தால்?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒருவர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, மேல்முறையீட்டிலும் தோற்றுச் சிறையில் இருக்கிறார். சில வருடம் கழித்துப் புதிய சான்று ஒன்று கிடைக்கிறது. அவர் ஆளுநருக்கு மனுப் போடலாம். இல்லையென்றால் மாநில உச்ச நீதிமன்றத்தில், தன் தண்டனையைப் பற்றி விசாரணை நடத்தக் கேட்டு விண்ணப்பிக்கலாம். 2001-ஆம் ஆண்டின் குற்றவியல் மேல்முறையீடு, மறுஆய்வுச் சட்டம் இந்த இரண்டு வழிகளையும் தருகிறது.

கல்யாணச் சமையற்கட்டை நினைத்துக்கொள்வோம். சாம்பார் கொதித்து இறங்குவது முதல் தீர்ப்பு. பந்திக்கு எடுக்குமுன் வீட்டுப் பெரியவர் ஒருவர் ருசி பார்த்து “சரி” என்பது மேல்முறையீடு. அப்புறம் அண்டாவை மூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் மளிகைக்கடைக்காரர் ஓடி வருகிறார்: நேற்று அனுப்பிய துவரம்பருப்பு மூட்டையில் கேசரிப்பருப்பு கலந்திருக்கலாம் என்கிறார். ருசி பார்த்தவருக்கு அது தெரிய வழியே இல்லை. புதிய சான்று பல சமயம் இப்படித்தான் வருகிறது. முதலில் தீர்ப்பளித்தவர்கள் அசட்டையாக இருந்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் கைக்கு வந்த பொருளிலேயே கோளாறு இருந்திருக்கலாம்.

அண்டாவைத் திறந்து பார்ப்பதா வேண்டாமா என்று சமையல் மாஸ்டர் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தைப் பார்க்கும் நீதிபதியின் இடம் அதுதான். இங்கே சட்டம் கேட்கும் அளவு சிறியது. நிரபராதி என்று நிரூபிக்கத் தேவையில்லை. குற்றம் செய்தாரா என்பதிலோ, தண்டனையைக் குறைக்கக்கூடிய சூழ்நிலையிலோ, சாட்சியத்தின் ஏதாவது ஒரு பகுதியிலோ ஐயமோ கேள்வியோ எழுந்தால், நீதிபதி விசாரணைக்கு உத்தரவிடலாம். அல்லது வழக்கைக் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். எல்லாம் முன்பே அலசப்பட்டது, சிறப்பான புதுச் சங்கதி ஒன்றுமில்லை என்று தோன்றினால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவே மறுக்கலாம்.

மறுத்துவிட்டால் மேல்முறையீடு கிடையாது. இது நீதிமன்ற நடவடிக்கையே அல்ல என்று அச்சட்டத்தின் 79-ஆம் பிரிவு சொல்கிறது. நீதிபதி நிர்வாக முடிவு ஒன்றைத்தான் எடுக்கிறார். மிஞ்சுவது நீதித்துறைச் சீராய்வு. அந்த வழியை மாநிலச் சட்டமன்றம் நினைத்தாலும் முழுதாக அடைக்க முடியாது: அதிகார வரம்பு மீறிய பிழைகளைத் திருத்தும் உரிமையை மாநில உச்ச நீதிமன்றங்களிடமிருந்து பறிக்க முடியாது என்று, அந்நாட்டின் தலைமை நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2010-இல் கிர்க் வழக்கில் தீர்ப்பளித்தது.

சீராய்வு என்றால் கான்ட்ராக்டர் சமையற்கட்டுக்குள் வந்து கேள்வி கேட்பது. அவர் சாம்பாரைத் தொட்டுப் பார்ப்பதில்லை, மாஸ்டரைத்தான் விசாரிப்பார். “கடைக்காரர் சொன்னதை முழுசாகக் கேட்டீங்களா? பருப்பு கெட்டதுன்னு நிரூபிச்சாத்தான் திறப்பேன்னு சொன்னீங்களா? சந்தேகம் இருந்தால் போதும் என்பதுதானே நம்ம முறை?” இந்த இரண்டாவது கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. திறந்து பார்த்தால்தான் தெரியக்கூடிய ஒன்றை, திறப்பதற்கு முன்பே நிரூபிக்கச் சொல்வது சிறையில் இருப்பவருக்குச் செய்யும் கொடுமை. சட்டப்படியும் அது தவறான அளவுகோல். அப்படி நடந்திருந்தால் மறுப்பு ரத்தாகும், விண்ணப்பம் மறுபடி பரிசீலனைக்குப் போகும். மறுபடி பார்த்தும் “வேண்டாம்” என்றே முடிவு வரலாம். மாஸ்டர் முறைப்படி யோசித்து மறுத்திருந்தாலோ, “நானாக இருந்தால் திறந்திருப்பேன்” என்று கான்ட்ராக்டர் நினைப்பதால் மட்டும் அந்த முடிவு மாறாது.

இந்த எல்லை எவ்வளவு கடுமையானது என்பதற்குக் கேத்லீன் ஃபோல்பிக் வழக்கே போதும். தன் நான்கு குழந்தைகளின் சாவுக்காக 2003-இல் தண்டிக்கப்பட்டவர் அவர். அவருக்கு விசாரணை மறுக்கப்படவில்லை, நடந்தது. ஆனால் 2019-இல் அந்த விசாரணை, அவர் குற்றத்தில் ஐயமில்லை என்று முடித்தது. அந்த முடிவைத்தான் அவர் சீராய்வுக்குக் கொண்டுபோனார். 2021 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குற்றம் இன்னொரு முறை உறுதியானதாகவே பலரும் அதைப் படித்திருப்பார்கள். நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வியோ, விசாரித்தவர் சட்டப்படி பிழை செய்தாரா என்பதுதான்.

அதே மாதம் 90 விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட மனு ஆளுநரிடம் போனது. இரண்டு மகள்களிடமும் இருந்த கால்ம்2 மரபணு மாற்றம், இதயத் துடிப்பைத் திடீரெனக் குலைக்கக்கூடியது என்ற ஆய்வு அதன் அடிப்படை. முன்னாள் தலைமை நீதிபதி டாம் பாதர்ஸ்ட் தலைமையில் இரண்டாவது விசாரணை நடந்தது. 2023 ஜூனில் மன்னிப்புப் பெற்று ஃபோல்பிக் வெளியே வந்தார். 20 ஆண்டுகள் போயிருந்தன. மன்னிப்பு மட்டும் தீர்ப்பை அழித்துவிடாது. அதற்காக வழக்கு குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஆண்டு டிசம்பரில் அவர்மீதான தீர்ப்புகள் எல்லாம் ரத்தாயின.