விரல் தடுமாறினாலும் பாட்டு தடுமாறாது

விரல் வேகமில்லாத பிள்ளைக்கு இசை வராது என்று ஜாசின், அலோர் காஜா வட்டாரப் பெற்றோர் சிலர் கைவிட்டுவிடுகின்றனர். அது சரியன்று. சீக்வென்சர் வசதியுள்ள கீபோர்டில் சுரங்களை ஒவ்வொன்றாகப் பதிக்கலாம். முதலில் சுரத்தின் நீளத்தைத் தேர்ந்தெடுத்து, பிறகு கட்டையை அழுத்த வேண்டும். கருவி அடுத்த படிக்கு நகரும். மௌனத்துக்கும் படி உண்டு. ஆதி தாளத்தின் 8 அட்சரங்களை அட்சரத்துக்கு 4 வீதம் பிரித்தால் 32 படிகள்.

1977இல் வெளிவந்த ரோலண்டு எம்.சி.-8 கருவியில் சுரங்களை எண்களாகவே தட்டினர். 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினி இசையைக் கையாண்டார்.

கருவி வேகத்தைத் தரும். தாளக் கணக்கைத் தராது. ஆகவே பெற்றோரே, கீபோர்டு வாங்குமுன் பிள்ளைக்குக் கையால் தாளம் போடச் சொல்லிக்கொடுங்கள்.